இரண்டு பேர் எழுதும் டிஸ்க்

கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு வேர்ச்சுவல் மெஷின் (வீஎம்) பழக்கும்போது, ஒரு டிஸ்க்கை வேண்டுமென்றே பழுதாக்கித்தான் தொடங்குவேன். இரண்டு லினக்ஸ் வீஎம்களுக்கு ஒரே டிஸ்க்கைக் கொடுத்து, அதைச் சாதாரண ஈஎக்ஸ்ரீ4 கோப்பு முறையில் ஃபோர்மற் செய்து, இரண்டிலும் மவுண்ட் பண்ணச் சொல்வேன். ஒன்றில் எழுதின கோப்பு மற்றதில் தெரியாது. மற்றதிலும் ஏதாவது எழுதி, இரண்டையும் நிறுத்திவிட்டு டிஸ்க்கைச் சோதித்தால் திரை நிறையப் பிழைகள் ஓடும். எந்த இடம் வெறுமை, எந்த இடம் நிரம்பினது என்ற கணக்கை ஒவ்வொரு வீஎம்மும் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, தான் மட்டும்தான் எழுதுகிறது என்று நம்பி எழுதியிருக்கும். வீஎம்மின் ஒரு கணத்து நிலையைச் சேமிக்கிற ஸ்னாப்ஷொட்டிலும் வீஎம்மைப் பிரதியெடுக்கிற குளோனிலும் பொது டிஸ்க்குக்கு வருகிற கேட்டுக்கு வேர் இதுதான்.

இந்த வேர் மிகப் பழையது. ஐபிஎம் 1972 ஓகஸ்டில் விஎம்/370 என்ற வேர்ச்சுவல் மெஷின் இயங்குதளத்தை அறிவித்தது. அதில் ஒவ்வொரு பயனருக்கும் 191 என்ற எண்ணில் சொந்த டிஸ்க். 190 என்ற எண்ணில் இருந்த சீஎம்எஸ் இயங்குதளம் எல்லோருக்கும் பொது. ஆனால் வாசிக்க மட்டும். இன்னொருவரின் டிஸ்க்கை இணைக்க ‘லிங்க்’ என்ற கட்டளை இருந்தது. வாசிக்க ஒரு கடவுச்சொல், எழுத இன்னொன்று, மற்றவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே சேர்ந்து எழுத மூன்றாவது. அந்த மூன்றாவதைப் பாவித்து ஒரு சீஎம்எஸ் டிஸ்க்கில் இருவர் எழுதினால் டிஸ்க் போய்விடும். ஆபத்து எங்கே இருக்கிறது என்று கண்டு அதற்கென்று தனிப் பூட்டே போட்டு வைத்தவர்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. பிந்தி வந்தவர்கள் எல்லோரும் அவ்வளவு கவனமாக இருக்கவில்லை.

வன்னிக்கு இந்தத் தொழில் சுணங்கித்தான் வந்தது. 1999இல் விஎம்வெயார் வேர்க்ஸ்டேஷன் என்ற தன் முதல் வீஎம் மென்பொருளை வெளியிட்டபோது இங்கே பொருளாதாரத் தடை. பற்றரியும் மண்ணெண்ணெயும் தடைப்பட்டியலில் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. 2002இல் ஏ9 வீதி திறந்தது, பிறகு மூடியது, பிறகு 2009இல் போர் முடிந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அறிவியல் நகரில் தொடங்கியது 2014இல்தான்.

இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் வெளியுலகம் ஸ்னாப்ஷொட்டுக்குப் பழகிவிட்டது. வேர்க்ஸ்டேஷனில் 2003இல் ஒரேயொரு ஸ்னாப்ஷொட் எடுக்க முடிந்தது. 2005இல் பல ஸ்னாப்ஷொட்டுகளும் குளோனும் வந்தன. ஸ்னாப்ஷொட் எடுத்ததும் பழைய டிஸ்க் கோப்பு உறைந்துவிடும். புதிதாக எழுதுவதெல்லாம் பக்கத்தில் ஒரு சிறு கோப்புக்குப் போகும். ஒரு வீஎம்முக்கே சொந்தமான டிஸ்க் என்றால் இது அருமையான ஏற்பாடு. பொது டிஸ்க்கென்றால், இரண்டாவது வீஎம்முக்கு அந்தச் சிறு கோப்பைப் பற்றி எதுவுமே தெரியாது. அது பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டு போகும். நினைவகத்தோடு எடுத்த ஸ்னாப்ஷொட்டுக்குத் திரும்பினால் இன்னும் மோசம்: நேற்றைய கணக்கை வைத்திருக்கிற வீஎம், இன்று மற்றது நிரப்பின இடத்தை வெறுமை என்று எண்ணி அதன் மேலேயே எழுதும்.

அதனால்தான் விஎம்வெயார், டிஸ்க் கட்டுப்படுத்தியைப் பகிர்ந்திருக்கிற வீஎம்மில் ஸ்னாப்ஷொட் எடுக்க மறுக்கிறது. வேர்ச்சுவல்பொக்ஸில் பகிர்வு டிஸ்க்கை ஸ்னாப்ஷொட் தொடுவதே இல்லை. பிள்ளைகள் இதை ஒரு குறைபாடாக நினைத்து வழி தேடுவார்கள். அப்போது இரணைமடுக் குளத்தைச் சொல்வேன். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று ஒரு கமக்காரர் தன் வரம்பில் நின்றுகொண்டு முடிவெடுப்பதில்லை. மாவட்டச் செயலகத்தில் கூட்டம் கூடி, குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் பங்கு பிரிக்கிறார்கள். பொது டிஸ்க்கின் பிரதியையும் டிஸ்க் இருக்கிற சேமிப்பகத்தில்தான் எடுக்கவேண்டும், அதுவும் எழுதுகிற வீஎம்கள் எல்லாவற்றையும் ஒரு கணம் நிறுத்தி வைத்து.

குளோனுக்கு இன்னும் கவனம் தேவை. குளோன் பிறக்கும்போதே பொது டிஸ்க்கின் இணைப்பையும் அதைப் பகிர்கிற வீஎம்களின் கொத்தணியில் தாய் வீஎம்முக்கு இருந்த பெயரையும் சேர்த்துக் கொண்டுவரும். இயக்கின உடனே தானும் அதே ஆள் என்று எழுதத் தொடங்கும். ஜீஎஃப்எஸ்2, ஓசீஎஃப்எஸ்2 போன்ற, பலர் எழுதவென்றே கட்டின கோப்பு முறைகள் 2006இலேயே லினக்ஸ் கேர்னலுக்குள் வந்துவிட்டன. அவையும் உறுப்பினர் யார் யார் என்று அறிந்தே பூட்டுப் போடுகின்றன. ஒரே பெயரில் இருவர் வந்தால் அந்தப் பூட்டுக்கு வேலை இல்லை. ஆகவே நாங்கள் இயங்குதள டிஸ்க்கை மட்டும் குளோன் செய்வோம். பொது டிஸ்க்கைக் கழற்றி, பெயரையும் முகவரியையும் மாற்றின பிறகே இயக்குவோம்.

2017இல் கியூஈமு என்ற வீஎம் மென்பொருளின் 2.10 பதிப்பு வந்தபோது, ஒரு டிஸ்க் கோப்பை ஒரு வீஎம் எழுதத் திறந்திருந்தால் இரண்டாவதைத் தானே தடுக்கத் தொடங்கியது. வேண்டுமென்றே பகிர நினைப்பவர் அதற்கென்று ஒரு தெரிவை எழுத்தில் கொடுக்கவேண்டும். விஎம்/370இன் மூன்றாவது கடவுச்சொல் செய்ததும் இதே வேலைதான்.