டெஸ்ட் டியூப் பேபி: பயந்தது ஒண்ணு, பிரச்சினை இன்னொண்ணு

நம்ம நேயர் ஒருத்தங்க மெசேஜ் போட்டிருந்தாங்க. கல்யாணமாகி ஆறு வருஷம், இப்போ ஐ.வி.எஃப் ஆரம்பிக்கப் போறாங்க. மாமியாருக்கு ஒரே கேள்விதான்: "பொறக்குற புள்ள நல்லா வளருமா?"

இந்தக் கேள்விக்கு அம்பது வயசுக்கு மேல ஆகுது. 1971-ல் ராபர்ட் எட்வர்ட்ஸும் பேட்ரிக் ஸ்டெப்டோவும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலிடம் நிதி கேட்டாங்க. கிடைக்கல. குரங்குகளில் போதுமான ஆய்வு நடக்கல, என்ன ஆபத்துன்னு தெரியல என்பது சொன்ன காரணங்களில் ஒண்ணு. நியாயமான பயம்தான். டெஸ்ட் பண்ணாத கோடை நாமளே புரொடக்‌ஷனுக்கு அனுப்ப மாட்டோம், இது குழந்தை!

1978 ஜூலை 25-ல் ஓல்டம் ஆஸ்பத்திரியில் லூயிஸ் பிரவுன் பிறந்தாங்க. உலகமே குறை தேடிச்சு, எதுவும் சிக்கல. 2006-ல் இயற்கையாவே கருத்தரிச்சு அவங்களுக்கும் ஒரு மகன் பிறந்தான். ஆனா ஒரே ஒரு குழந்தை நல்லா வளர்ந்தது ஆதாரம் ஆகாது இல்லையா?

ஆதாரம் ஸ்வீடனில் இருந்துச்சு. அங்கே ஒவ்வொரு பிரசவமும் தேசியப் பதிவேட்டில் ஏறிடும். அதை வெச்சு ஐ.வி.எஃப் மூலம் பிறந்த 5,680 குழந்தைகளை மத்த குழந்தைகளோட ஒப்பிட்டு, 2002-ல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. பெருமூளை வாதம் போன்ற நரம்புப் பிரச்சினைகள் ஐ.வி.எஃப் குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகமா இருந்துச்சு. மொத்தத்தில் அரிதுதான், ஆனா அதிகம். சரி, லேப்ல இருந்த கண்ணாடித் தட்டுதான் காரணமா? ஐ.வி.எஃப் இரட்டையர்களை இயற்கையா பிறந்த இரட்டையர்களோட ஒப்பிட்டா வித்தியாசமே காணோம். தனியா பிறந்தவங்களிடம் ஓரளவு வித்தியாசம் இருந்தது உண்மை. ஆனா பெரிய பங்கு இரட்டைக் கர்ப்பத்துக்கும், அதனால வர்ற குறைப்பிரசவத்துக்கும், எடைக் குறைவுக்கும்தான்.

இத்தனை இரட்டையர் எங்கிருந்து வந்தாங்க? ஒண்ணு தவறினாலும் இன்னொண்ணு நிக்கட்டும்னு டாக்டர்கள் கருப்பையில் ரெண்டு மூணு கருவை வெச்சாங்க. முப்பது வருஷமா எல்லாரும் தப்பான மாட்யூலில் பக் தேடியிருக்கோம்.

ஸ்வீடன் 2003-லேயே, பொதுவா ஒரு கருதான் வைக்கணும்னு விதி போட்டுச்சு. வெற்றி வாய்ப்பு குறையாதான்னு கேட்பீங்க. 2004-ல் வந்த ஸ்காண்டிநேவிய ஆய்வில், 36 வயசுக்குக் குறைஞ்ச பெண்களில், ஒரே தடவையில் ரெண்டு கரு வெச்சவங்களில் 43 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. முதல்ல ஒண்ணு, அது நிக்கலைன்னா உறைய வெச்ச இன்னொண்ணு, இப்படிப் போனவங்களில் 39 சதவீதம். ஆனா பிரசவங்களில் இரட்டை? முதல் குழுவில் 33 சதவீதம், இரண்டாவதில் ஒரு சதவீதம்கூட இல்ல.

இதையெல்லாம் அந்த நேயருக்கு எழுதி அனுப்பினேன். அன்னிக்கு ராத்திரியே பதில் வந்துச்சு: "ரெண்டு வைக்கச் சொல்லி அத்தையே டாக்டர்கிட்ட கேட்டிருக்காங்க. ஒரே செலவுல முடிஞ்சிடுமாம்."