கள்ளி செத்த வருஷம்

என் அப்பாவுக்கு இரண்டு பிறந்த வருஷங்கள். ஒன்று பள்ளிச் சான்றிதழில் இருந்தது: 1924, ஜூலை 1. இன்னொன்று ஆச்சி சொன்னது. "கள்ளியெல்லாம் வெள்ளை பூத்துச் செத்துச்சுல்லா, அந்த வருசந்தாம்ல உங்கப்பன் பொறந்தான்" என்பாள். ஜூலை 1 எப்படி வந்தது என்று என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று பொருள். அப்பா சின்னதிலேயே நெடுநெடுவென்று வளர்ந்தவர், கை எட்டிவிட்டது. வாத்தியார் ஒரு தேதியைப் போட்டார். அந்தத் தேதிப்படி 55 முடிந்ததும் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது தங்கைக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. "எனக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் இருக்குடா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அது வயதானவரின் புலம்பலாகத்தான் பட்டது.

நானும் ஓய்வுபெற்ற பிறகு, பொழுது கிடைத்ததும், கள்ளி எந்த வருஷம் செத்தது என்று தேடத் தொடங்கினேன். தேடியதில் முதலில் தெரிந்தது, "கள்ளி" என்ற ஒரே பெயருக்குள் நாம் சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பங்களைப் போட்டு வைத்திருக்கிறோம் என்பதுதான்.

சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுக்கள்ளி எல்லாம் ஒரு குடும்பம். ஒடித்தால் பால் வரும். கண்ணில் பட்டால் போச்சு. ஆமணக்கும் மரவள்ளியும் இவற்றுக்குப் பங்காளிகள். சங்கப் பாட்டில் பாலை நிலத்துக்குச் சொல்லப்படும் கள்ளி இந்த வகைதான். சப்பாத்திக்கள்ளி, அதாவது நாகதாளி, வேறு குடும்பம். ஆங்கிலத்தில் காக்டஸ் என்பது அதைத்தான். ஒடித்தால் பால் வராது, கொழகொழவென்று சாறுதான் வரும்.

காக்டஸ் குடும்பத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. முள் நேராகத் தண்டிலிருந்து கிளம்புவதில்லை. தண்டின் மேல் சின்னச் சின்ன மெத்தை போலப் புள்ளிகள் இருக்கும்; முள்ளும் பூவும் புதுக்கிளையும் அந்தப் புள்ளியிலிருந்துதான் வரும். முள் என்பதே இலை உருமாறியதுதான். நாம் இலை என்று நினைக்கிற அந்தச் சப்பாத்தி, உண்மையில் தண்டு. இளம் சப்பாத்தியில் கூர்மையாகக் குட்டி இலைகள் முளைத்துச் சில நாளில் உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் நிஜமான இலை. பெரிய முள்ளோடு மயிர் போன்ற பொடிமுள்ளும் சப்பாத்திக்கள்ளிக்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும் மட்டுமே உண்டு. பழம் பறித்துத் தரையில் தேய்த்துத் தேய்த்துத் தின்றவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். உதட்டில் குத்தியதை எடுக்க முடியாமல் நான் ஒரு ராத்திரி முழுக்க அழுதிருக்கிறேன்.

வெயிலில் அது வாடாமல் நிற்பதற்கும் காரணம் உண்டு. மற்ற செடிகள் பகலில் துளைகளைத் திறந்து மூச்சு வாங்கும். அப்போது நீரும் ஆவியாகிவிடும். இது பகலில் துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக்கிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. விடிந்ததும் அந்த இருப்பை வைத்து வேலை பார்க்கிறது.

இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 1,750 இனங்கள். அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. வடக்கே கனடா முதல் தெற்கே படகோனியா வரை பரவியிருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான் விலக்கு. மரக்கிளையில் நூல் நூலாகத் தொங்குகிற, முள்ளில்லாத ஒரு சின்னச் செடி ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் தானாகவே வளர்கிறது. அதன் பிசுபிசுப்பான விதையைப் பறவைகள் கொண்டுவந்திருக்கலாம் என்பது பலருடைய ஊகம். மற்றபடி, கொலம்பஸுக்கு முன்னால் நம் பக்கத்தில் ஒரு சப்பாத்திக்கள்ளிகூட இருந்ததில்லை. இப்போது கடையில் விலை கேட்டால் மயக்கம் வருகிறதே, அந்த டிராகன் பழமும் இதே குடும்பம்தான். பேத்தி நம்ப மறுக்கிறாள்.

இவ்வளவு தூரத்திலிருந்து வந்த செடியை இங்கே மெனக்கெட்டு வளர்த்ததற்கு ஒரு பூச்சி காரணம். கொச்சினீல் என்ற பூச்சி மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளியின் மேல் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சி வாழ்வது. அதைக் காயவைத்து அரைத்தால் அருமையான சிவப்புச் சாயம். ஒரு பவுண்டு சாயத்துக்கு எழுபதாயிரம் பூச்சி வேண்டும் என்பார்கள். ஐரோப்பாவில் அந்தச் சாயத்துக்கு அத்தனை கிராக்கி. ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டும் அதில் தோய்த்ததுதான். ஸ்பெயின்காரர்கள் பூச்சியை வெளியே விடாமல் காத்தார்கள். பிரெஞ்சுக்காரரான தியெரி த மெனோன்வில் 1777இல் மெக்சிகோவின் ஒஹாகா பக்கம் போய்ப் பூச்சியைச் செடியோடு கடத்திவந்தது தனிக்கதை.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஆசை வந்தது. சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதில் மும்முரமாக இறங்கினார். லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு நாகதாளித் தோட்டம் போட்டார்கள். ஆண்டர்சனின் சகோதரி மகன் ஆண்ட்ரூ பெர்ரி அதைப் பார்த்துக்கொண்டார். செடி தயார், பூச்சிதான் இல்லை. 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து வரும் வழியில் பூச்சியைப் பிடித்துக் கல்கத்தா கொண்டுவந்து சேர்த்தார். ராக்ஸ்பர்க் அதைத் தாவரவியல் தோட்டத்தில் வளர்த்தார்.

ஆனால் வந்தது வேறு பூச்சி. மெக்சிகோவின் சாயப்பூச்சிக்கு அது தம்பி முறை. சாயம் மட்டம், தொழில் நிலைக்கவில்லை. ஆண்டர்சன் 1809இல் காலமானார். அவருடைய சிலை சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். பூச்சி ஞாபகமாகத்தான் இருந்தது.

சாயத்துக்கு உதவாத பூச்சி, வேலியில் நின்ற கள்ளியைத் தின்று தீர்த்தது. வடக்கிலும் மத்திய இந்தியாவிலும் காடாகக் கிடந்த சப்பாத்திக்கள்ளி அழிவதைப் பார்த்தவர்கள், 1863இலிருந்து 1868க்குள் அதைத் தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். 1865 வாக்கில் இலங்கைக்கும் போனது. களையை ஒழிப்பதற்கென்றே ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோனது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

இதைப் படித்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. 1860கள் என்றால் அப்பா எங்கே, ஆச்சியே பிறந்திருக்க மாட்டாள். அவளுடைய பாட்டி சொன்ன கதையைத்தான் தன் பிள்ளைப்பேற்றோடு முடிச்சுப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துத் தேடுவதை விட்டுவிட்டேன். ஒரு வருஷம் கழித்துத்தான் இன்னொரு சேதி கண்ணில் பட்டது.

1860களில் செத்தது ஒரு இனம். அது தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. உயரமாக வளரும், சப்பாத்தி மெலிசாகப் பளபளவென்று இருக்கும், முள் கம்மி. நீல்சன் கொண்டுவந்ததும் தென் அமெரிக்கப் பூச்சி; தன் ஊர்ச் செடியை மட்டும் தின்றது. மெக்சிகோ, கரீபியன் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு இனத்தை அது தொடவே இல்லை. குட்டையாகப் புதர் கட்டி, கனத்த சப்பாத்தியும் மஞ்சள் முள்ளுமாக நிற்பது அது. நம் பக்கத்தில் சப்பாத்திக்கள்ளி என்றால் அதுதான். போட்டிக்கு ஆள் ஒழிந்ததும் வேலியிலிருந்து புஞ்சைக்கும் மேய்ச்சலுக்கும் இறங்கியது. வெட்டிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் வேர்விடும். உள்ளே பாம்பும் பன்றியும் குடியிருக்கும். பஞ்ச காலத்தில் முள்ளைப் பொசுக்கி மாட்டுக்குப் போட்டது ஒன்றுதான் அதனால் கிடைத்த பலன்.

இந்த இனத்துக்கு அதன் ஊர்ப் பூச்சி வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவிலும் அப்போது கள்ளித் தொல்லை. அவர்கள் வட அமெரிக்கப் பூச்சி ஒன்றை வரவழைத்திருந்தார்கள். அங்கிருந்து 1924இல் அது இலங்கைக்கு வந்தது. இலங்கையிலிருந்து 1926இல் நம் பக்கம் வந்தது. பெண்பூச்சிக்குச் சிறகு கிடையாது. இருந்த இடத்திலேயே வெள்ளைப் பஞ்சு போல மெழுகைப் போர்த்திக்கொண்டு உறிஞ்சும். குஞ்சுகளைக் காற்று அடுத்த புதருக்குக் கொண்டுபோய்விடும். சப்பாத்தி மஞ்சளித்து, கழன்று, அழுகும். சில வருஷங்களுக்குள் தமிழ்நாட்டில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது.

"வெள்ளை பூத்து" என்று ஆச்சி சொன்னது இதைத்தான். அவள் எப்போதும் "மஞ்சமுள்ளுக் கள்ளி" என்றும் சொல்வாள். அதை நான் காதில் வாங்கியதே இல்லை. வேலி அழுகி வீழ்ந்ததில் மாடு புகுந்து வெள்ளாமையை மேய்ந்ததாகவும், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மாடு விரட்டியதாகவும் சொல்வாள். அந்தக் கைப்பிள்ளை அப்பா.

பூச்சி இந்த மண்ணுக்கு வந்ததே 1926இல் என்றால், அது எங்கள் ஊர் வேலிக்கு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான் இருக்க முடியும். எப்படிப் பார்த்தாலும் 1924 ஜூலை பொய். அப்பா சொன்ன இரண்டு மூன்று வருஷம் கணக்கில் சரியாக இருக்கிறது. இதை அவரிடம் சொல்ல முடியவில்லை. நான் கண்டுபிடிக்கும்போது அவர் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அவர் படத்துக்குக் கீழே எழுதியிருந்த பிறந்த தேதியைத் தம்பியிடம் சொல்லி அழித்துவிட்டேன். புதுத் தேதி எதுவும் எழுதவில்லை, வருஷம் மட்டும் போதும் என்றேன். தம்பி 1926ஆ 1927ஆ என்று கேட்டான். 1927 போடு என்றேன்.

போன தை மாதம் ஊருக்குப் போனபோது, குளத்துக் கரையில் இன்னும் இரண்டு மூன்று புதர்கள் நிற்பதைப் பார்த்தேன். ஒரு சப்பாத்தியில் வெள்ளை அப்பியிருந்தது. விரலால் நசுக்கிப் பேரனிடம் காட்டினேன். ரத்தம் என்று பயந்துவிட்டான். குழாயடிக்குப் போய்க் கழுவினேன். நகக்கண்ணில் இருந்தது மட்டும் மறுநாள்தான் போயிற்று.