புரோயு புரோமோட்டர்

புரோயு புரோமோட்டர் என்பது எசரிக்கியா கோலை பாக்டீரியாவில், சூழலின் ஊடுபரவல் அழுத்தம் உயரும்போது செயற்படத் தொடங்கும் டி.என்.ஏ பகுதி ஆகும். புரோமோட்டர் என்பது ஆர்.என்.ஏ பாலிமரேசு நொதி இணைந்து, மரபணுவின் படியெடுப்பைத் தொடங்கும் இடமாகும். புரோயு மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் கிளைசின் பீட்டெயின், புரோலின் ஆகியவற்றைச் செல்லினுள் கொண்டுவருகின்றன. இவை உவர்ச்சூழலில் செல் நீரிழக்காமல் காக்கின்றன.

அளவிடும் முறை

புரோமோட்டரை அடுத்து லாக்இசட் மரபணு இணைக்கப்படுகிறது. புரோமோட்டரின் செயற்பாட்டுக்கேற்ப பீட்டா-காலக்டோசிடேசு நொதி உருவாகிறது. இந்நொதி நிறமற்ற ஓஎன்பிஜி என்னும் சேர்மத்தைச் சிதைத்து மஞ்சள் நிறத்தைத் தருகிறது. நிறச்செறிவு, செல்களின் அடர்த்தி, வினை நடந்த நேரம் ஆகியவற்றிலிருந்து மில்லர் அலகு கணக்கிடப்படுகிறது. உப்பு குறைந்த ஊடகத்திலும் மிகுந்த ஊடகத்திலும் அளந்து ஒப்பிட்டபோது, நூறு மடங்குக்கும் மேற்பட்ட உயர்வு காணப்பட்டது. சர்க்கரை சேர்த்தாலும் புரோமோட்டர் தூண்டப்படுவதால், காரணம் உப்பு மட்டுமன்று, ஊடுபரவல் அழுத்தமே என அறியலாம்.

பயன்பாடு

ஐதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தின் பண்டாரி, கௌரிசங்கர் ஆகியோர் 1997ஆம் ஆண்டில் ஜிஜே1158 என்னும் பாக்டீரியா வகையை வெளியிட்டனர். இதன் நிறப்புரியில் டி7 ஆர்.என்.ஏ பாலிமரேசு மரபணு புரோயு புரோமோட்டரின் கட்டுப்பாட்டில் உள்ளது. எனவே வேண்டிய புரதத்தைப் பெற, விலை மிகுந்த ஐபிடிஜிக்கு மாற்றாகச் சாதாரண உப்பே போதுமானது.

தூண்டலுக்கு முந்தைய அளவும் முக்கியமானது. அந்நிலையில் புரோமோட்டர் சிறிது கசிந்தாலும், செல்லுக்கு நச்சான புரதம் அதன் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும். வழக்கமான எல்பி ஊடகத்திலேயே உப்பு இருப்பதால், இவ்வகையை உப்பில்லா ஊடகத்தில் வளர்த்து, பின்னரே உப்பைச் சேர்க்க வேண்டும்.