கண்டிக் காட்டிலிருந்து ரொறன்ரோ வரை

மனச்சோர்வு நோயிலிருந்து ஒருவர் மீண்டுவிட்டார் எனக் குடும்பத்தினர் ஆறுதலடையும் வேளையிலேயே அவரது உள்ளத்தில் வேறோர் அச்சம் குடிபுகுகிறது. 'இது மறுபடியும் வருமோ?' அந்த அச்சம் ஆதாரமற்றதல்ல. ஒருமுறை பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரை இந்நோய் மீண்டும் தாக்குகிறது. ஒவ்வொரு தாக்குதலும் அடுத்ததற்கான வாய்ப்பை அதிகரிக்கிறது.

இம்மீள்வருகையைத் தடுக்கும் முறையொன்றின் வரலாற்றைத் தேடிய எனக்கு, அதன் வேர்களில் ஒன்று இலங்கையில் இருந்தமை வியப்பளித்தது. இங்கு சிவில் சேவை அதிகாரியாகப் பணியாற்றிய ரைஸ் டேவிட்ஸ், 'ஸதி' என்ற பாளிச் சொல்லை 1881 இல் 'மைன்ட்புல்னஸ்' என ஆங்கிலப்படுத்தினார். 1936 இல் இலங்கை வந்து துறவியான ஜேர்மானிய யூதர் ஞானபொனிக்க தேரர், அப்பயிற்சியை விளக்கும் நூலை 1954 இல் கொழும்பில் வெளியிட்டார். பின்னர் மேலைநாடுகளில் பரவலாக வாசிக்கப்பட்ட நூல் அது. 1994 இல் மறையும்வரை கண்டி உடவத்தகெலே வனத்திலேயே அவர் வாழ்ந்தார்.

அமெரிக்காவில் ஜோன் கபாட்-சின் 1979 இல் இப்பயிற்சியை, மதச்சார்பு நீக்கி, மருத்துவமனைக்குள் கொண்டுசென்றார். அதனைப் பின்பற்றி சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூவர் 1990களில் எட்டு வாரப் பயிற்சியொன்றை வகுத்தனர். நோயிலிருந்து மீண்டவரிடம் சிறு துயரங்கூட 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற பழைய எண்ணத்தை எழுப்பிவிடும். அதையே மீண்டும் மீண்டும் அசைபோடுகையில் நோய் திரும்புகிறது. அவ்வெண்ணத்தை உண்மையென ஏற்காமலும் விரட்ட முற்படாமலும், 'இது வெறும் எண்ணமே' என நோக்கப் பழக்குவதே இப்பயிற்சி.

ரொறன்ரோ, கேம்பிரிட்ஜ், வேல்ஸ் ஆகிய இடங்களில் 145 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2000 இல் வெளியானது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் நோயுற்றோரிடையே மீள்வருகை 66 வீதத்திலிருந்து 37 வீதமாகக் குறைந்தது. இரு தடவைகள் மட்டும் நோயுற்றோருக்குப் பயன் தென்படவில்லை. 424 பேர் பங்குபற்றிய, 2015 இல் வெளியான ஆங்கிலேய ஆய்வில், பயிற்சி பெற்று மருந்தைக் குறைத்தோரில் 44 வீதத்தினரும், மருந்தைத் தொடர்ந்தோரில் 47 வீதத்தினரும் மீண்டும் நோயுற்றனர். மருந்தைவிடப் பயிற்சி மேலானதென நிறுவப்படவில்லை. மருந்தைக் குறைத்ததும் வைத்தியரின் கண்காணிப்பிலேயே என்பதை மறத்தலாகாது.

போரும் புலம்பெயர்வும் கண்ட எமது சமூகத்தில் குணமடைந்தவரிடம் 'இனி ஒன்றுமில்லை' என்று கூறி விலகிவிடுகிறோம். உறக்கம் குலைவதும் பேச்சுக் குறைவதும் திரும்பிவரும் நோயின் காலடி ஓசையாக இருக்கலாம். அதற்குச் செவிகொடுக்க வேண்டியது நோயாளி மட்டுமல்லர், வீட்டாருமே.