கடலில் விழுந்த கோடு

அச்சுவேலியிலிருந்து வடகடற்கரை தொலைவிலில்லை. அக்கரையிலுள்ள வேதாரணியத்திற்குத் தோணியேறுதல் இப்பகுதியார்க்கு ஒருகாலத்தில் அயல்நாட்டுப் பயணமாகத் தோன்றியதில்லை; அங்கிருந்து வருவோர்க்கும் அவ்வாறே.

1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்றுதொட்டு, இந்தியாவிலிருந்து வருவோர் கடவுச்சீட்டும் வீசாவுமின்றி இலங்கையில் கால்வைப்பது குற்றமாயிற்று. காற்றும் அதே காற்று, தோணியும் அதே தோணி. வந்தவனுக்கோ 'கள்ளத்தோணி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட, இம்மண்ணிலேயே பிறந்த தோட்டத் தொழிலாளர்மீதும் அப்பெயர் வீசப்பட்டதே பெருங்கொடுமை.

2012இல் வீசாவுக்கான முன்னனுமதி இணையவழியே கிடைக்கலாயிற்று. அச்சுவேலிக்கு அயலிலுள்ள பலாலியில் 2019இல் சென்னை விமானம் வந்திறங்கியது. 2023இல் நாகபட்டினத்துக் கப்பல் காங்கேசன்துறையை அடைந்தது. இறங்கியோர் முதலில் நீட்டியது கடவுச்சீட்டையே.