காம்பு நுனியின் சாட்சியம்: சூடான் புல் மாதிரியில் ஜான்சன் புல் விதையை இனங்காணல்

தீவனப் புல் விதை மாதிரியில் அயல் விதை ஒன்று தென்பட்டால், அதற்குச் சிற்றினப் பெயர் சூட்டுவதற்கு முன் அந்தப் பெயரைத் தாங்கும் சான்று விதையில் எஞ்சியிருக்கிறதா என்று ஆராய வேண்டும். சூடான் புல்லும் ஜான்சன் புல்லும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இரண்டும் சோளப் பேரினத்தைச் சேர்ந்தவை. 1909இல் அமெரிக்க வேளாண் துறை சூடானிலிருந்து வரவழைத்த சூடான் புல் ஒருபருவத் தீவனப் பயிர். ஜான்சன் புல்லோ மட்டநிலத் தண்டால் பரவி, வயலைவிட்டு எளிதில் அகலாத பல்லாண்டுக் களை. அயல் விதைகளை எண்ணும் சோதனைக்குப் பன்னாட்டு விதிமுறைப்படி பொதுவாக ஏறத்தாழ 25,000 விதைகள் கொண்ட மாதிரி எடுக்கப்படுகிறது. ஜான்சன் புல்லுக்குத் தடையுள்ள இடங்களில் அதன் ஒரு விதையே விதைத்தொகுதி முழுவதன் விற்பனையையும் நிறுத்திவிடும். ஆகவே இங்கே பெயர் தவறானால் உழவருக்கோ விதை உற்பத்தியாளருக்கோ இழப்பு நேரும்.

ஜான்சன் புல் விதை சிறியது, கருஞ்சிவப்பானது என்பதே வழக்கமான அடையாளம். ஆனால் நிறம் முதிர்ச்சிக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாறும். முற்றாத சூடான் புல் விதையும் சிறுத்தே இருக்கும். இவற்றைவிட உறுதியான சான்று, மணியுள்ள சிறுகதிரோடு ஒட்டியிருக்கும் மெல்லிய காம்பில் கிடைக்கிறது. ஜான்சன் புல்லில் அந்தக் காம்பின் நுனியிலுள்ள மற்றொரு சிறுகதிர் முதிர்ந்ததும் தானே கழன்று விழும். அதனால் காம்பின் நுனி வழவழப்பாக, சிறு கிண்ணம்போல் விரிந்திருக்கும். சூடான் புல்லில் காம்பு கதிரடிக்கும்போது முறிவதால் நுனி பிசிறாக நிற்கும். அளவும் நிறமும் வளர்ந்த சூழலுக்கேற்ப மாறுபவை. கழலும் முறையோ செடியின் மரபில் வேரூன்றியது. ஆயினும் கடுமையாகச் சுத்திகரித்த விதையில் காம்பும் உமியும் உதிர்ந்துவிடுகின்றன. அப்போது வெறும் மணியை மட்டும் பார்த்துச் சிற்றினப் பெயர் எழுதுவது ஊகமே.

மரபணுச் சோதனை இருக்கையில் இந்தத் தயக்கம் எதற்கு என்று கேட்கலாம். தாவரங்களுக்குப் பொதுவாகப் பயன்படும் மரபணுக் குறியீட்டுப் பகுதிகள் பசுங்கணிகத்தில் உள்ளவை; அது பெரும்பாலும் தாய்வழியே வருவது. ஜான்சன் புல்லோ இரு சோளச் சிற்றினங்களின் கலப்பில் தோன்றியது. ஒரு வழி மரபை மட்டும் காட்டும் குறியீடு கலப்பை வெளிப்படுத்தாது. இங்கே குரோமோசோம் எண்ணிக்கை கூடுதலாக உதவும்: சூடான் புல்லுக்கு 20, ஜான்சன் புல்லுக்கு 40. முளைத்த விதையின் வேர்நுனியிலேயே இதை எண்ணிவிடலாம். ஆனால் சோளமும் ஜான்சன் புல்லும் கலந்து தோன்றிய கொலம்பசுப் புல்லுக்கும் 40 குரோமோசோம்களே என்பதால், 40 என்ற எண் மட்டுமே ஜான்சன் புல்லை நிறுவிவிடாது.

விதை முளைக்கும்வரை வணிகம் காத்திருக்காது என்பது அடுத்த மறுப்பு. அதற்காகப் பொய்யுறுதி தர வேண்டியதில்லை. காம்பு நுனி தெளிவாக இருந்தால் சிற்றினத்தை எழுதலாம். இல்லையேல் ‘சோளப் பேரினம், சிற்றினம் உறுதியாகவில்லை’ என்று குறித்து, விதைத்தொகுதியை நிறுத்திவைத்து, முளைப்பித்து ஆராய வேண்டும். பரிசோதனை அறிக்கையில் சிற்றினப் பெயரோடு அதற்கு ஆதாரமான உறுப்பையும் எழுதுவது கட்டாயமாக்கப்பட வேண்டும்.