மடூல்சீமைக் கோப்பியும் சீமை எல்மும்

பசறைக்குத் தேயிலை வந்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். அதற்கு முன் கோப்பி சாக வேண்டும்.

1869 மே மாதம். கோப்பி இலையின் அடியில் ஆரஞ்சுநிறப் பொடி முதலில் கண்ணில் பட்டது, பக்கத்து மடூல்சீமையில்தான். பேராதனைத் தாவரத் தோட்டத்துத் துவைட்ஸ் மாதிரி அனுப்ப, இங்கிலாந்தின் பங்கசு நிபுணர் பெர்க்லி பாதிரியார் அந்த நவம்பரிலேயே அந்தப் பொடிக்குக் காரணமான பங்கசுக்கு ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் சூட்டிவிட்டார். தோட்டத் துரைமார் அசையவில்லை. விலை நன்றாக இருந்தது. காட்டை அழித்து மேலும் மேலும் கோப்பி போட்டார்கள். 1878இல் இலங்கையில் சுமார் 2,75,000 ஏக்கர்!

1880இல் இந்த நோயை ஆராய வருகிறார் என் நாயகன், தாவரவியலாளர் மார்ஷல் வார்டு. இருபத்தாறு வயது இளைஞர். பிசுபிசுத்த கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் வித்துகளைப் பிடித்தார். மலை மலையாக ஒரே செடி நின்றால் காற்று நோயைச் சுமந்துகொண்டே போகும் என்றார். மருந்து கேட்டவர்களுக்கு இது கசந்தது. 1882இல் கப்பலேறிவிட்டார்.

துரைமாரின் சொந்த ஊர் எல்ம் மரத்தின் கதையும் இதுதான். திராட்சைக் கொடி படர ரோமர் கொண்டுபோன ஒற்றை மரத்தின் வழிவந்ததே இங்கிலீஷ் எல்ம் என்று 2004இல் மரபணு ஆய்வு சொன்னது. அது விதையால் பரவுவது அபூர்வம். வேரில் கிளம்பும் கன்றுதான் அடுத்த மரம். எல்லாம் ஒரே உடம்பு. 1960களில் வட அமெரிக்க மரக்கட்டைகளோடு ஒரு பங்கசு வந்திறங்கியது. பட்டை வண்டுகள் அதை மரத்துக்கு மரம் சுமந்தன. நோயைத் தடுக்கப் போய், மரம் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைத்துக்கொண்டு வாடியது. பிரித்தானியாவில் மட்டும் 2.5 கோடிக்கு மேல் போயின.

நம் ஆயா மரமும் எல்ம் குடும்பம்தான். தட்டையான இறகுக் காயைக் காற்றில் விட்டு, உலர்வலயக் காட்டில் பலசாதி மரங்களுக்கு நடுவே முளைக்கும். அதை வரிசை கட்டி நிறுத்த எந்தத் துரைக்கும் தோன்றவில்லை, பிழைத்தது.

வில்லன் பங்கசு என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். மலையை ஒரே செடியால் மூடிய பேராசையே வில்லன்.

பட்டுப்போன கோப்பிக் கட்டைகள் பட்டை உரிக்கப்பட்டு, தேநீர் மேசைக்குக் கால்களாக இங்கிலாந்து போயின. அவற்றை நட்டு வளர்த்த நம் சனத்துக்குக் கூலி பாக்கி. அந்தப் பாக்கியும் தேயிலையும் அடுத்த வாரம்.